விதைநிதி யாருடைய சம்பளமாகப் போகிறது? பல்துறைக் கூட்டாய்வுத் திட்டங்கள்: ஒரு மதிப்பீடு

வெவ்வேறு துறைக்காரர்கள் சேர்ந்து புதிதாக ஓர் ஆய்வைத் தொடங்கட்டும் என்று பல்கலைக்கழகம் தன் கையிருப்பிலிருந்தே கொடுக்கும் சிறு தொகைதான் விதைநிதி. ஓராண்டுக்குக் கிடைக்கும், அதிகம் போனால் இரண்டாண்டு. அதற்குள் முதற்கட்ட முடிவுகளை எடுத்து, அவற்றைக் காட்டி வெளியிலுள்ள பெரிய நிதி அமைப்புகளிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அறிவிப்பு வந்ததும் எல்லோர் கண்ணும் போவது தொகை மீதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பணத்தில் யாருக்குச் சம்பளம் கொடுக்க விடுகிறார்கள்? இரண்டு ஆய்வகங்களுக்கும் பொதுவாக ஒரே ஓர் ஆளை வேலைக்கு எடுக்கச் சொல்லும் திட்டம் சிறிய தொகையிலும் பலன் தரும். தொகையை ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுக்கும் திட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இரண்டு தனி ஆய்வுகளுக்குக் கொஞ்சம் கைச்செலவுக் காசு கிடைத்தது என்ற அளவோடு நின்றுவிடும். இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் இங்கே திட்டங்களை எடைபோட்டிருக்கிறேன்.

இப்படி ஒரு நிதி தேவையா என்ற கேள்விக்குப் பதில் நீண்ட நாளாகவே கையில் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வுக் கவுன்சிலின் டிஸ்கவரி திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் வந்த 18,476 விண்ணப்பங்களை லிண்டெல் பிரோம்ஹமும் அவருடைய சகாக்களும் அலசி, 2016-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒரு முன்மொழிவு எந்த அளவுக்கு ஒன்றுக்கொன்று தொலைவான துறைகளைக் கலந்திருந்ததோ அந்த அளவுக்கு அதற்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. மேற்கோள் கணக்கிலும் இதே சங்கடம் உண்டு. தொலைதூரத் துறைகளை இணைக்கும் கட்டுரைகள் முதல் சில ஆண்டுகளில் குறைவாகவும், காலம் போகப் போக அதிகமாகவும் மேற்கோள் காட்டப்படுகின்றன என்பது 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு. பதவி உயர்வுக்கு நிற்கிற இளம் ஆசிரியருக்கு அந்த முதல் சில ஆண்டுகள்தான் முக்கியம். ஆகவே வெளி அமைப்பிடம் போவதற்கு முன் கையில் ஏதாவது முடிவு இருந்தாக வேண்டும். அதற்கான காசு உள்ளிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

மூன்று வகைத் திட்டங்கள்

மிச்சிகன் பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிய எம்கியூப்ட் என்ற திட்டத்தின் வடிவம் எளிமையானது. ஒவ்வொரு பேராசிரியருக்கும் 20,000 டாலர் மதிப்புள்ள ஒரு டோக்கன். தனியாக வைத்திருந்தால் அதற்குப் பயன் இல்லை. குறைந்தது இரண்டு வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்த மூன்று பேர் தங்கள் டோக்கன்களைச் சேர்த்தால் ஒரு 'கியூப்', 60,000 டாலர். முதல் சுற்றுக்கு ஒதுக்கப்பட்டது ஒன்றரைக் கோடி டாலர். வழக்கமான சக ஆய்வாளர் மதிப்பீட்டை எடுத்துவிட்டார்கள். மூன்று பேர் தங்கள் பங்கை ஒரு யோசனையில் போடத் துணிகிறார்கள் என்பதே போதுமான மதிப்பீடு என்பது அவர்களுடைய வாதம். அந்தப் பணத்தை வைத்து ஒரு மாணவரையோ முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளரையோ வேலைக்கு எடுப்பதுதான் அடிப்படை ஏற்பாடு. ஓர் ஆளின் சம்பளமும் சில்லறைச் செலவுகளும் போனால் பெரிதாக எதுவும் மிஞ்சாத தொகை அது. அதுவே அதன் பலம் என்பேன். பிரித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது, எடுத்த அந்த ஒருவரை வைத்து உருப்படியாக எதையாவது செய்தே தீர வேண்டும்.

குறையும் உண்டு. எண்ணிக்கையை விதியாக வைத்தால் அந்த எண்ணிக்கைக்காகவே ஆள் தேடுவார்கள். இரண்டு பேரின் யோசனைக்குப் பேருக்கு மூன்றாவதாக ஒருவர் கையெழுத்துப் போடும் ஆபத்து இந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. இதே மாதிரியை வேறிடத்தில் கொண்டுவர நினைப்பவர்கள் 'குறைந்தது இரண்டு பேர், இரண்டு துறை' என்று விட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது வகை, போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கும் விதைநிதி. 1998-இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டின் பயோ-எக்ஸ் இதற்குப் பழைய, நிலைபெற்ற உதாரணம். உயிரியலையும் மருத்துவத்தையும் பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல் போன்றவற்றோடு இணைக்கும் குழுக்களுக்கு இரண்டாண்டு விதைநிதி. பணத்தோடு இடமும் அங்கே உண்டு. 2003-இல் திறக்கப்பட்ட கிளார்க் மையத்தில் ஆய்வகச் சுவர்கள் குறைவு, மேசைகளுக்குச் சக்கரம். குழு மாறினால் மேசையும் நகரும். இடம் என்பது அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. பாரிஸின் ஜூசியூ வளாகத்தில் ஆஸ்பெஸ்டாஸை அகற்றுவதற்காகப் பல ஆண்டுகள் ஆய்வகங்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் போய் விழுவார்கள் என்பதை ஆய்வாளர்கள் முடிவு செய்யவில்லை, கட்டட வேலை முடிவு செய்தது. கிறிஸ்டியன் கத்தலினி என்ற ஆய்வாளர் அந்தத் தரவை அலசியபோது, ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்த ஆய்வகங்கள் கூட்டாக வேலை செய்யும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் கூடியிருந்தது தெரிந்தது. கட்டடம் கட்ட வசதியில்லாத பல்கலைக்கழகம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: வேலைக்கு எடுக்கும் அந்த ஒருவருக்கு இரண்டு ஆய்வகத்திலும் தலா ஒரு மேசை, இரண்டு அடையாள அட்டை, இரண்டு பக்கத்துக் கணினிக் கணக்கு. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கேட்காவிட்டால் மட்டும் கிடைக்காது.

மூன்றாவது வகைக்கு 'சாண்ட்பிட்' என்று பெயர். பிரிட்டனின் பொறியியல், இயற்பியல் அறிவியல்களுக்கான ஆய்வுக் கவுன்சில் பரப்பிய முறை இது. பிறகு பல்கலைக்கழகங்களும் சிறிய அளவில் எடுத்துக்கொண்டன. இருபது முப்பது பேரை ஏறத்தாழ ஐந்து நாள் ஒரே இடத்தில் தங்க வைப்பார்கள். அங்கேயே குழு சேரும், அங்கேயே யோசனை திருத்தப்படும், கடைசி நாளில் எதற்கு நிதி என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். வேகம் உண்டு. ஆனால் கைக்குழந்தை வைத்திருப்பவர், வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர், நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் ஆகியோர் ஐந்து நாள் வர முடியாது. வந்தவர்களிலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர் கை ஓங்கும். ஐந்து நாளில் உருவான நட்பு, ஆறாவது மாதத்தில் தரவு கைக்கு வரும்போது சோதனைக்குள்ளாகும்.

இதைவிடச் செலவு குறைந்த வழி இருக்கிறது. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு நிதி அறிவிப்பையொட்டி ஆய்வாளர்களைக் குலுக்கல் முறையில் தனித்தனி அறைகளில் பிரித்து, 90 நிமிடம் திட்டமிட்ட கலந்துரையாடல் நடத்தினார்கள். ஒரே அறையில் விழுந்த இருவர் பிறகு சேர்ந்து நிதிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு 75 சதவீதம் கூடியது. 2017-இல் வெளியான அந்த ஆய்வு சொல்வது, கூட்டாளி கிடைக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணம் மனமின்மை அல்ல, யார் என்ன செய்கிறார் என்பது தெரியாமையே என்பது. அறிவிப்பு வெளியிட்டு, இணையத்தில் ஒரு படிவத்தைப் போட்டுவிட்டு, 'கூட்டாளியோடு வாருங்கள்' என்று சொல்லும் பல்கலைக்கழகம் வேலையின் கடினமான பாதியை விண்ணப்பதாரர் தலையில் கட்டுகிறது. அப்படிப்பட்ட அறிவிப்புக்கு வருகிற விண்ணப்பங்கள் பெரும்பாலும் பழைய நண்பர்களுடையவையாக இருப்பதில் வியப்பில்லை.

90 நிமிடக் கூட்டம் நடத்துவோர் ஒன்றைக் கவனித்தால் போதும். 'நான் இந்தத் துறை, இதில் ஆர்வம்' என்று அறிமுகம் செய்யச் சொல்லாதீர்கள். என்னிடம் இருப்பது என்ன (தரவு, கருவி, நோயாளிகள், களம், முறை), எனக்குத் தேவைப்படுவது என்ன என்று இரண்டே வரி எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஒருவருடைய இரண்டாவது வரி இன்னொருவருடைய முதல் வரியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பேச்சு தானாக வரும்.

செலவுக் கணக்கு

நிதி கிடைத்த பிறகு தொகையை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பெரும்பாலான கூட்டு உடைகிறது. இருபக்கமும் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆளுக்குப் பாதி வைக்கிறார்கள். ஒரு பக்கம் தன் பாதியில் கருவி வாங்குகிறது, மறுபக்கம் தன் பாதியில் ஏற்கெனவே இருக்கிற மாணவரின் சம்பளத்தை மூன்று மாதம் நீட்டிக்கிறது. ஆண்டு முடிவில் இரண்டு பத்தி எழுதி ஒட்டினால் அறிக்கை தயார்.

நூறு பங்கில் எழுபது பங்கை ஒரு பொது ஆளின் சம்பளத்துக்கு வையுங்கள். பதினைந்து, பரிசோதனைக் கட்டணம், நுகர்பொருள், கணிப்பொறி நேரம் ஆகியவற்றுக்கு. பத்து, சந்திப்புக்கும் பயணத்துக்கும், அந்த ஆள் மறு துறையில் ஒரு குறுகிய பயிற்சி எடுப்பதற்கும். மீதி ஐந்து, தரவைப் பாதுகாக்கவும் வெளியிடவும். கருவிக்கு ஒன்றும் வேண்டாம். விதைநிதியில் வாங்கிய கருவி கொள்முதல் நடைமுறையில் சிக்கி எட்டாவது மாதம் வந்துசேரும், பொருத்துவதற்குள் திட்டம் முடிந்திருக்கும். கருவி அவசியம் என்றால், இருக்கிற ஆய்வகத்தில் மணிக்கணக்குக்குக் கட்டணம் கட்டிப் பயன்படுத்துவதே சரி. கருவியை அனுமதித்து, சம்பளத்தை அனுமதிக்காத விதைநிதித் திட்டங்கள் இருக்கின்றன. ஆளை எடுத்தால் பிறகு நிரந்தரம் கேட்பார் என்ற நிர்வாக பயம் அதற்குக் காரணம். அப்படிப்பட்ட திட்டத்துக்கு நான் பரிந்துரை செய்ய மாட்டேன்.

இன்னொரு சிக்கல், பணம் எந்தத் துறையின் கணக்கில் உட்காருகிறது என்பது. ஒரே கணக்கு, இரண்டு பேருக்கும் கையெழுத்து அதிகாரம் என்றால் வேலை ஓடும். இரண்டு துறைகளுக்கு இரண்டு கணக்கு என்றால், ஒரு பக்கம் மிஞ்சியதை மறு பக்கம் மாற்றுவதற்கு இரண்டு துறைத் தலைவர்கள், நிதி அலுவலகம் என்று கோப்பு சுற்ற வேண்டியிருக்கும். அதைவிட நுட்பமான பிரச்சினை பெயர்க் கணக்கு. வெளியிலிருந்து பெரிய நிதி வந்தால் அது எந்தத் துறையின் சாதனையாகக் காட்டப்படும்? அதோடு, கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுக்காக வரும் மேல்செலவுப் பங்கு யாருக்கு? துறைத் தலைவர் ஒருவர் 'இதில் எங்களுக்கு என்ன' என்று கேட்டால் அது சின்னத்தனம் அல்ல. அவருடைய துறை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் மதிப்பிடப்படுகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2007-லிருந்தே ஒரே திட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதன்மை ஆய்வாளர்களை ஏற்கிறது. உள்ளூர் விதைநிதிப் படிவம் இன்னும் 'முதன்மை ஆய்வாளர்' என்று ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வைத்திருந்தால், மற்றவர் எப்போதும் 'இணை'தான். சம பங்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் படிவத்தில் கீழே எழுதுவது நல்ல தொடக்கம் அல்ல. விண்ணப்பிக்கும் முன்பே நிதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பெருமையையும் மேல்செலவுப் பங்கையும் பிரித்துப் பதிய முடியுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் உட்காரும் ஆள்

ஏன் இந்த ஒரு ஆளை இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? ஒரு எக்செல் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். மருத்துவமனைப் பக்கத்திலிருந்து கணினித் துறைக்கு நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைத் தரவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேதிப் பத்தியில் சில வரிசைகளில் நாள் முதலில், சில வரிசைகளில் மாதம் முதலில். சில கட்டங்கள் காலி. காலி என்றால் 'சோதிக்கவில்லை' என்று கணினிக்காரர் எடுத்துக்கொள்கிறார். அந்த வார்டில் 'எல்லாம் சரியாக இருந்தது, அதனால் எழுதவில்லை' என்பதுதான் பழக்கம். சில வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் அடித்திருக்கிறது. அந்த மஞ்சளுக்கு, 'இந்த நோயாளி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டுவிட்டார்' என்று பொருள். செவிலியருக்கு அது தெரியும். கோப்பை நிரலுக்குள் படிக்கும்போது எண்கள் மட்டுமே வரும், நிறம் வராது. மாற்றப்பட்ட நோயாளிகள் எல்லாம் குணமாகி வீட்டுக்குப் போனவர்களாகக் கணக்கில் சேருகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முடிவு வரும். பார்க்க அழகாக இருக்கும், தவறாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேராசிரியர்கள் மாதம் ஒருமுறை காணொளியில் சந்தித்தால் போதாது. வாரம் இரண்டு நாள் அந்த வார்டுக்குப் போய், 'இது ஏன் மஞ்சளாக இருக்கிறது?' என்று கேட்கிற ஒருவர் வேண்டும். திரும்பி வந்து அதை ஒரு தனிப் பத்தியாக மாற்றி, என்ன பொருள் என்று எழுதி வைக்கிற ஒருவர் வேண்டும். கூட்டாய்வு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த வேலைதான்.

சொற்களும் இதே போல இடறும். தமிழில் எழுதும்போது 'மாதிரி' என்ற சொல்லையே பாருங்கள். ஆய்வகத்தில் இருப்பவருக்கு அது குப்பியில் எடுத்த ரத்தம். புள்ளியியல்காரருக்கு, மொத்த மக்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு கூட்டம். கணினித் துறைக்காரருக்கு, பயிற்றுவித்த ஒரு கணித அமைப்பு. 'மாதிரி சிறியதாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் மூன்று பேரும் தலையாட்டுவார்கள், மூன்று பேரும் வெவ்வேறு விஷயத்துக்கு. முதல் சந்திப்பிலேயே பதினைந்து இருபது சொற்களுக்கு ஒரு பொதுப் பொருள்பட்டியலை எழுதிக்கொள்வது வீண்வேலை போலத் தோன்றும். இரண்டு மணி நேர வேலை. இதை விண்ணப்பத்தின் பின்னிணைப்பாகவே கேட்கும் திட்டம் இருந்தால், அதை வடிவமைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று நம்பலாம்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சேர வேண்டும். நடுவில் உட்காரும் ஆள் முனைவர் பட்ட மாணவராக இருந்தால், அவருடைய பட்டம் எந்தத் துறையில், ஆலோசனைக் குழுவில் யார், எந்தத் துறையின் பாடங்களை முடிக்க வேண்டும் என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்ய வேண்டும். இரண்டு வழிகாட்டிகள் இருந்தும் இருவரும் 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று இருந்துவிட்டால் மாணவர் நடுத்தெருவில் நிற்பார். மாதம் ஒருமுறை இரண்டு வழிகாட்டிகளும் மாணவரும் ஒரே அறையில் உட்காரும் ஒரு மணி நேரம் கட்டாயம். தனித்தனியாகச் சந்திப்பது இதற்கு ஈடாகாது. தனித்தனியாகச் சந்தித்தால் இரண்டு எதிரெதிர் கட்டளைகளுடன் மாணவர் வெளியே வருவார்.

எழுதி வைக்க வேண்டியது

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். வழக்கறிஞர் வேண்டாம். அதில் இருக்க வேண்டியவற்றுள் முதலாவது ஆசிரியர் வரிசை, காரணம் துறைக்குத் துறை வழக்கம் வேறு. கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகரவரிசை. உயிரியல், மருத்துவத்தில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். ஒருவருக்கு மரியாதையான இடம் இன்னொருவருக்குப் பொருளற்ற இடம். 'பங்களிப்புக்கேற்ப' என்று பொதுவாக எழுதாமல், யார் என்ன செய்தார் என்பதை, கட்டுரை ஆசிரியர்களின் பங்களிப்பைப் பிரித்துக் காட்டும் கிரெடிட் (CRediT) என்ற வகைப்பாட்டின் 14 பங்குகளில் குறித்துக்கொள்ளுங்கள்; தரவைத் திரட்டியவர், தூய்மைப்படுத்தியவர், நிரல் எழுதியவர் என்று தனித்தனியாக வரும். அடுத்து, எங்கே வெளியிடுவது. கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரைக்கே முழு மதிப்பு, மருத்துவத்தில் இதழ்க் கட்டுரைக்குத்தான் மதிப்பு. ஒன்றை மாநாட்டுக்கும் இன்னொன்றை இதழுக்கும் என்று இரண்டு கட்டுரைகளாக ஆரம்பத்திலேயே திட்டமிட்டால் இருவருக்கும் நியாயம். பிறகு தரவு யாரிடம் இருக்கும், ஒருவர் வேறு பல்கலைக்கழகம் போனால் அதை எடுத்துப் போகலாமா, கூட்டு முறிந்தால் எந்தப் பகுதியை யார் தனியாக வெளியிடலாம். மனக்கசப்பு வந்த பிறகு இவற்றை எழுத முடியாது.

கூட்டாளி வேறு பல்கலைக்கழகத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளித்த 62 கூட்டுத் திட்டங்களை ஜோனதன் கம்மிங்ஸும் சாரா கீஸ்லரும் ஆராய்ந்து 2005-இல் எழுதினார்கள். பல துறைகள் இருந்ததைவிடப் பல பல்கலைக்கழகங்கள் இருந்ததுதான் ஒருங்கிணைப்பைக் கெடுத்தது, பலனையும் குறைத்தது. நேரில் சந்திப்பது, பொறுப்பைப் பிரித்து எழுதுவது போன்ற ஒருங்கிணைப்பு முயற்சி எடுத்த குழுக்கள் அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டின. உள்ளூர்த் துறைகளுக்கிடையே முதல் விதைநிதி, அது வேர்விட்ட பிறகு வெளியூர்க் கூட்டு என்ற வரிசையை நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

தேர்வுக் குழு

விண்ணப்பம் மூன்று பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முப்பது பக்கம் கேட்கும் விதைநிதி, ஏற்கெனவே முடிவு கையில் உள்ளவருக்கே போகும். குழுவில் இரண்டு துறைகளிலிருந்தும் ஒவ்வொருவர், இரண்டிலும் இல்லாத ஒருவர் என்று இருக்க வேண்டும். மூன்றாமவர் கேட்கும் எளிய கேள்விகள் பலமுறை உண்மையான ஓட்டையைக் காட்டும். மதிப்பெண்களைச் சராசரி எடுப்பது இந்த நிதிக்குப் பொருந்தாத முறை. இரண்டு பேருக்கும் 'பரவாயில்லை' என்று தோன்றுவது மேலே வரும், ஒருவருக்கு மிகவும் பிடித்து இன்னொருவருக்குப் புரியாதது கீழே போகும். புதிய கூட்டு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கும். மதிப்பெண் வேறுபாடு பெரிதாக இருப்பவற்றைத் தனியே எடுத்துப் பேச அரை மணி நேரம் ஒதுக்கும் குழுவின் தேர்வு நன்றாக இருக்கும்.

விண்ணப்பதாரரும் குழுவும் பயன்படுத்தக்கூடிய ஒரு எளிய சோதனை: முன்மொழிவில் ஒருவர் பெயரை அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். அவர் இல்லாமலே திட்டம் நடக்கும் என்றால் அது கூட்டு அல்ல, சேவை. புள்ளியியல்காரரைக் கடைசியில் கணக்குப் போட அழைப்பது அப்படித்தான். அதற்கு ஆலோசனைக் கட்டணம் கொடுத்தால் போதும், விதைநிதி வேண்டாம். அடித்ததும் கேள்வியே மாறிப்போகிறது என்றால் அதற்குப் பணம் கொடுக்கலாம். ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளையின் சயலாக் கூட்டங்களில், இதற்குமுன் சேர்ந்து வேலை செய்யாதவர்களே ஒரு குழுவாக விண்ணப்பிக்கலாம் என்று விதி வைத்திருப்பதையும் பல்கலைக்கழகங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சரிபார்ப்பதும் எளிது, கடந்த ஐந்தாண்டில் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இருக்கிறதா என்று தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காலக் கணக்கு

ஓராண்டு விதைநிதி என்றால் அதை ஆறு மாத நிதி என்றே கணக்கிடுங்கள். நிதிக் கடிதம் வந்து கணக்கு திறக்க மூன்று நான்கு வாரம் ஆகிறது. விளம்பரம், நேர்முகம், ஆள் வந்து சேர மூன்று முதல் ஐந்து மாதம். மனிதத் தரவு இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் ஆண்டு போய்விடும். நெறிமுறை விண்ணப்பத்தை விதைநிதி விண்ணப்பத்தோடு சேர்த்தே தயார் செய்து, முடிவு வருமுன் கொடுத்துவிடுவது ஒரு வழி. பல்கலைக்கழகம் தன் பக்கம் செய்யக்கூடியது, கால ஓட்டத்தைக் கடிதத் தேதியிலிருந்து எண்ணாமல் ஆள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவது. செலவில்லாத சின்னத் திருத்தம் இது. இதைச் செய்யும் திட்டங்கள் அரிதாக இருப்பது வருத்தமளிக்கிறது.

இரண்டாண்டுத் திட்டத்திலும் கடைசியில் ஒரு பள்ளம் வரும். என் பெரிய குறை இதுதான். கடிதம் கிடைத்த நாளிலிருந்து நான்காவது மாதம் ஆள் வருகிறார். பதினெட்டு மாதச் சம்பளம் இருக்கிறது, ஆக இருபத்திரண்டாவது மாதம் வரை. முதல் உருப்படியான முடிவு பன்னிரண்டாவது மாதவாக்கில். அதை வைத்து வெளி நிதிக்குப் பதினான்காவது மாதம் விண்ணப்பம் போகிறது. முடிவு வர எட்டு ஒன்பது மாதம், பணம் வர இன்னும் இரண்டு மூன்று மாதம். எல்லாம் சரியாக நடந்தாலும் இருபத்தைந்தாவது மாதம். நடுவில் மூன்று நான்கு மாதம் அந்த ஆளுக்குச் சம்பளம் இல்லை. முதல் முறையே நிராகரிக்கப்பட்டுத் திருத்தி அனுப்ப நேர்ந்தால் இந்த இடைவெளி ஓராண்டைத் தாண்டும். அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். மஞ்சள் நிறத்துக்கு என்ன பொருள் என்பது அவரோடு போய்விடும். வெளி நிதி வந்து சேரும்போது புதிய ஒருவர் காலிக் கட்டங்களிலிருந்து மறுபடி தொடங்குவார்.

ஆகவே எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தாலும் அறிவிப்பில் இடைக்கால நிதி என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஆறு மாதச் சம்பளம் போதும். வெளி விண்ணப்பம் அனுப்பிய ரசீதைக் காட்டினாலே தானாகக் கிடைக்கும் என்று இருந்தால் மிக நல்லது. தனிப் போட்டி, தனிப் படிவம் என்று இருந்தால் பதினெட்டாவது மாதமே அதற்கு மனுப் போட்டுவிட வேண்டும். எதுவுமே இல்லையென்றால், சந்திப்புக்கு ஒதுக்கிய பத்துப் பங்கில் மிஞ்சுவதைச் சம்பளத்துக்கு மாற்றும் அனுமதியை முதலாண்டு முடியும்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று மாதத்தில் ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற நிதி அலுவலகங்கள் பெரும்பாலும் ஒப்புவதில்லை.